பக்கத்துக் குரல்: எம்.பி. சீனிவாசனும் சென்னையின் சேர்ந்திசையும்

(மயிலாப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மயிலாப்பூரில் பாட்டைப் பற்றிப் பேச வருகிறவனுக்கு ஒரு பயம் உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேசுகிறவனைவிட அதிகம் தெரிந்திருக்கும். இன்றைக்குக் கொஞ்சம் தைரியமாக வந்திருக்கிறேன். காரணம், நான் எடுத்துக்கொண்ட விஷயம் நம் சபாக்களின் கணக்கில் வராதது. அதற்குச் சேர்ந்திசை என்று பெயர். அதற்காக இந்த ஊரில் உழைத்த இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனைப் பற்றியதுதான் என் பேச்சு.

நம் கச்சேரி மேடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் பாடகர், இரண்டு பக்கமும் வயலினும் மிருதங்கமும், பின்னால் தம்புரா. தம்புரா போடுகிறவர் சிஷ்யராக இருந்தால் தாரஸ்தாயியில் மெல்ல ஒரு கை கொடுப்பார். மற்றபடி பாடுவது ஒருவருடைய வித்தை, கேட்பது மீதிப் பேருடைய வேலை. இதே ஊரில் மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் கபாலி கோயிலின் மாட வீதிகளைச் சுற்றி பஜனை நடத்தியிருக்கிறார். அங்கே ஊரே சேர்ந்து பாடியது உண்மைதான். ஆனால் பஜனையில் எல்லோரும் ஒரே மெட்டை அவரவர் தொண்டைக்கு எட்டியபடி பாடுவார்கள். ஒருவர் நழுவினால் கூட்டம் மூடி மறைத்துவிடும், பகவானும் மன்னித்துவிடுவார். சேர்ந்திசையில் அந்தச் சலுகை கிடையாது. முப்பது பேர் இரண்டு மூன்று பிரிவாக வெவ்வேறு சுரத்தில் நிற்பார்கள். ஒருவர் வழுக்கினால் பக்கத்தில் நிற்பவரும் வழுக்குவார்.

எம்.பி.எஸ். என்று அழைக்கப்பட்ட சீனிவாசன் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது பாடகர் யேசுதாஸ். 1961இல் சென்னை பரணி ஸ்டுடியோவில் ‘கால்பாடுகள்’ என்ற மலையாளப் படத்துக்காக அந்த இளைஞரை முதன்முதலாகப் பாடவைத்தவர் இவர். பாடியது சினிமாக் கவிஞர் எழுதிய காதல் பாட்டு இல்லை. சாதியையும் மதத் துவேஷத்தையும் மறுத்து ஸ்ரீ நாராயண குரு எழுதிய நான்கு வரி. கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன் பாட, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் இசையமைத்தார். மலையாளிகள் இந்தச் சம்பவத்தை இன்றைக்கும் பெருமையோடு சொல்வார்கள். கேரளத்தில் எம்.பி.எஸ். பெயரைச் சொன்னால் ஆட்டோ ஓட்டுநருக்கும் தெரிந்திருக்கும். அவர் வாழ்ந்து உழைத்த சென்னையில், தி.நகரிலோ அடையாறிலோ நின்று கேட்டுப் பாருங்கள்; எந்த சீனிவாசன் என்பார்கள்.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டம்பர் 19 அன்று சித்தூரில் பிறந்தார். படிப்பு சென்னையில், கடற்கரையை ஒட்டிய மாநிலக் கல்லூரியில். நாற்பதுகளின் மாணவர் இயக்கம் அவரைக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு இழுத்துக்கொண்டு போனது. 1943இல் பம்பாயில் தொடங்கிய இப்டா, அதாவது இந்திய மக்கள் நாடக மன்றம், அந்தத் தலைமுறையின் கலைஞர்கள் பலருக்குப் பள்ளிக்கூடம். வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நிவாரண நிதி திரட்டியவர்கள் அவர்கள். எம்.பி.எஸ். அந்தப் பள்ளியில் பயின்றவர். பிறகு டெல்லிக்குப் போய்ச் சில காலம் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்குச் செயலாளராக இருந்தார். முதல் மக்களவையில் எதிர்வரிசையின் பெரிய குரல் கோபாலனுடையது.

அவர் மணந்துகொண்டவர் ஜாகிதா கிச்லு. பஞ்சாபின் விடுதலைப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள். கிச்லுவையும் சக தலைவர் சத்தியபாலையும் 1919 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேயர்கள் கைது செய்து அமிர்தசரஸை விட்டு அப்புறப்படுத்தினார்கள். மூன்று நாள் கழித்து ஜாலியன்வாலாபாக்கில் கூடிய கூட்டத்துக்கு அந்தக் கைதும் ஒரு காரணம். அந்த வீட்டுப் பெண் தமிழ்ப் பிராமண வீட்டு மருமகளாகச் சென்னைக்கு வந்தார். இதை ஒரு ‘கலப்புத் திருமணம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அன்றைக்கு அது எத்தனை வீடுகளில் கதவை மூடியிருக்கும் என்பதை இங்கே இருக்கும் பெரியவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

இங்கே கொஞ்சம் ஜெர்மனிக்குப் போய் வரலாம். சாதாரண மக்களைச் சேர்ந்து பாடவைப்பது என்று எம்.பி.எஸ். செய்ய முயன்ற காரியம் அங்கே ஏற்கெனவே பெரிய அளவில் நடந்திருக்கிறது.

பிஸ்மார்க் 1878இல் சோஷலிஸ்டுகளுக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தார். கட்சி அமைப்புகள், சங்கங்கள், பத்திரிகைகள், கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை. தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? பாட்டு கிளப் ஆரம்பித்தார்கள். வேலை முடிந்து பீர்க்கடையின் பின்னறையில் கூடி நான்கு பிரிவுக் குரலில் பாடுவது. பாட்டுக்கு நடுவே சந்தா வசூல், சங்கத்துச் செய்தி. போலீஸ் வந்தால் பாட்டுப் புத்தகம் மேஜைமேல் இருக்கும். 1890இல் சட்டம் போய்விட்டது, கிளப்புகள் போகவில்லை. 1908இல் அவை ஒரே தேசிய சம்மேளனமாக இணைந்தன. 1920களின் பிற்பகுதியில் அதன் உறுப்பினர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். பார்மன் நகரத்துச் சாயத் தொழிலாளியான குஸ்தாவ் அடால்ஃப் உத்மன் போன்றவர்கள் அவர்களுக்கென்றே பாட்டு எழுதினார்கள். உத்மன் சங்கீத வித்துவான்களின் பரம்பரையில் வந்தவர் இல்லை. இருந்தாலும் அவர் பாடல்களை ஜெர்மனி முழுக்கப் பாடினார்கள்.

அடுத்த தலைமுறையில் வந்தவர் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லர். 1898இல் பிறந்தவர், வியன்னாவில் ஷோன்பெர்க்கிடம் பாடம் கேட்டவர். அந்தக் காலத்தின் மிகக் கடினமான இசையைக் கற்றுத் தேர்ந்தவர், அது நூறு பேர் கேட்கிற அறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று குருவோடு முரண்பட்டு வெளியே வந்தார். தொழிலாளர் குழுக்களின் பழைய பாடல்களிலும் அவருக்குத் திருப்தி இல்லை. வார்த்தை புரட்சி, மெட்டு மட்டும் வசதியான வீட்டு வரவேற்பறைப் பாட்டு என்று குறை சொன்னார். 1930 டிசம்பரில் நாடக ஆசிரியர் பிரெக்டின் ஒரு நாடகத்துக்கு அவர் அமைத்த இசையைப் பெர்லினின் ஃபில்ஹார்மோனி அரங்கில் தொழிலாளர் குழுக்கள் பாடின. பகலெல்லாம் வேலைத்தலத்தில் நின்றவர்கள் இரவில் ஒத்திகை பார்த்துப் பாடிய இசை அது. 1933இல் ஹிட்லர் வந்தார். சம்மேளனம் ஒழிந்தது, ஐஸ்லர் நாடு கடந்தார். ஹாலிவுட்டில் வயிற்றுப்பாட்டுக்குப் படங்களுக்கு இசையமைத்தார். அங்கேயும் கம்யூனிஸ்ட் என்று விசாரித்து 1948இல் வெளியேற்றினார்கள்.

சினிமாவில் சம்பளம், சேர்ந்திசையில் உயிர். இந்த இரட்டை வாழ்க்கை எம்.பி.எஸ்.ஸுக்கும் இருந்தது. வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது. ஐஸ்லருக்குக் குழுக்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. அவர் பாட்டு கொடுத்தால் போதும். எம்.பி.எஸ். பாட்டையும் அமைத்து, பாடுகிறவர்களையும் உண்டாக்க வேண்டியிருந்தது.

தமிழ் சினிமாவில் அவருடைய பெரிய வரவு 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’. இயக்கியவர் நிமாய் கோஷ். வங்கப் பிரிவினை அகதிகளைப் பற்றி 1950இல் ‘சின்னமூல்’ எடுத்துவிட்டுச் சென்னையில் வந்து தங்கிய ஒளிப்பதிவாளர். ஜெயகாந்தன் எழுதிய ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ பாட்டை பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடினார்கள். கே.சி.எஸ். அருணாசலம் எழுதிய ‘சின்னச் சின்ன மூக்குத்தியாம்’ பாட்டை டி.எம். சௌந்தரராஜன் பாடினார். தேசிய விருதில் நற்சான்றிதழும் கிடைத்தது. படம் தியேட்டரில் நிற்கவில்லை. தொழிலாளர், சங்கம் என்று பேசிய படத்துக்கு அன்றைய வியாபாரத்தில் இடமில்லை. பாட்டு மட்டும் இலங்கை வானொலி, திருச்சி வானொலி என்று சுற்றிப் பிழைத்துக்கொண்டது. அந்தத் தென்னங்கீற்றுப் பாட்டை அடுத்த முறை கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டுப் பின்னால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். வாத்தியங்கள் பாடகரின் நிழலாகப் பின்தொடர்வதில்லை, தம் வழியில் வேறொரு பேச்சுப் பேசுகின்றன. சேர்ந்திசைக்காரரின் காது அங்கேயே தெரிகிறது.

தமிழில் அதன்பிறகு அவருக்கு வந்த படங்கள் குறைவு. மலையாளம் அள்ளிக்கொண்டது. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’, ‘அனந்தரம்’, கே.ஜி. ஜார்ஜின் ‘உள்க்கடல்’, ‘யவனிகா’ ஆகியவற்றுக்கெல்லாம் இசை இவர்தான். கேரள அரசின் விருது பலமுறை வந்தது. இயக்குநர் ஜான் ஆபிரகாம் தமிழில் எடுத்த ‘அக்ரகாரத்தில் கழுதை’யில் இசையோடு நடிப்பும் அவருடையது, கழுதைக்குட்டியை வீட்டில் வளர்த்து ஊராரிடம் மாட்டிக்கொள்கிற பேராசிரியர் நாராயணசாமி அவர்தான். 1977இல் வந்து தேசிய விருது பெற்ற படம். பின்னாளில் அதைத் தூர்தர்ஷனில் போடுவதாக அறிவித்துவிட்டு எதிர்ப்புக்குப் பயந்து நிறுத்தினார்கள். நடிப்பு அனுபவம் இல்லாத ஒருவரை ஜான் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று படத்தைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். சத்தம் போடாமல் பிடிவாதமாக இருக்கிற முகம் அது.

அந்தப் பிடிவாதம் அதிகம் தெரிந்த இடம் தொழிற்சங்கம். ஐம்பது அறுபதுகளில் கோடம்பாக்கத்தில் வாத்தியம் வாசித்தவர்களின் நிலை என்ன? வயலின் வரிசையில் இருபது பேர், அதன்பின் குழல், வீணை, சிதார், தபேலா, டோலக். படத்தின் டைட்டிலில் இவர்களில் ஒருவர் பெயரும் வராது. அழைத்தால் வேலை. எத்தனை மணி நேரம் உட்காரவைத்தாலும் கேட்க நாதியில்லை. பணம் எப்போது வரும் என்பது தயாரிப்பாளரின் மனதைப் பொறுத்தது. இவர்களுக்காகச் சங்கம் அமைத்தார் எம்.பி.எஸ். நிமாய் கோஷோடு சேர்ந்து தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களை ஒரே குடையின்கீழ் கொண்டுவர உழைத்தவர்களிலும் அவர் உண்டு. இன்று ‘பெப்சி’ என்று செய்தித்தாளில் அடிபடுகிற சம்மேளனத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தை நாம் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அவர் இசையமைப்பாளர். வாத்தியக்காரரை அழைப்பவரும் அவர்தான், ‘போதும், போங்கள்’ என்பவரும் அவர்தான். அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியவர் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். அதனால் அவருக்குப் படம் குறைந்ததா என்று யாரும் எழுதிவைக்கவில்லை. முதலாளியை எதிர்த்து நோட்டீஸ் அடித்தவரை அடுத்த படத்துக்கு எத்தனை முதலாளிகள் கூப்பிடுவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூலிப் பிரச்சினையோடு உரிமைப் பிரச்சினையும் இருந்தது. பாட்டை உண்டாக்கியவருக்கு அதில் என்ன உரிமை என்ற வழக்கு அந்தக் காலத்தில்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977இல் வந்த தீர்ப்பு, கூலி கொடுத்துப் படத்துக்கு வாங்கிவிட்டால் உரிமை தயாரிப்பாளருக்கே என்றது. அதே அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடகருக்குச் சட்டத்தில் பாதுகாப்பே இல்லையே என்று வருந்தினார். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர் அவர். பாட்டை உண்டாக்கியவர்களுக்குச் சாதகமாகச் சட்டம் திருந்துவதற்கு 2012 ஆனது.

இனி சேர்ந்திசைக்கு வருகிறேன். இசையமைப்பாளர் சலில் சௌத்ரி ஐம்பதுகளில் பம்பாய் யூத் கொயர் தொடங்கினார். பாடகி ரூமா குஹா தாக்குர்தா 1958இல் கல்கத்தா யூத் கொயர் தொடங்கினார். எல்லாம் இப்டா குடும்பம். அதே வழியில் எழுபதுகளின் தொடக்கத்தில் எம்.பி.எஸ். உருவாக்கியது மெட்ராஸ் யூத் கொயர். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், ஆபீஸ் போகிறவர்கள். சங்கீதம் படித்தவர்களும் இருந்தார்கள், அறவே படிக்காதவர்களும் இருந்தார்கள். பாரதி, பாரதிதாசன், தாகூர் என்று தமிழிலும் பிற மொழிகளிலும் பாடினார்கள்.

இது எளிய வேலையா? ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்ப்போம். சபையில் ஆண்கள் எல்லோரும் உங்களுக்கு வசதியான ஸட்ஜத்தைப் பிடியுங்கள். அம்மாக்கள் உங்கள் ஸட்ஜத்தைப் பிடியுங்கள். ஆம், சும்மா பாடுங்கள், இங்கே யாரும் விமரிசகர் இல்லை.

கேட்டீர்களா? இரண்டும் ஒன்றல்ல. ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை, பெண்கள் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை. ஐந்து கட்டை என்பது ஒரு கட்டைக்குப் பஞ்சமம். அதாவது அம்மாக்கள் ‘ஸ’ என்று பாடியபோது ஐயாக்களின் காதில் ‘ப’ விழுந்தது. நம் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைகளில் ஆண்கள் கத்துவதும் பெண்கள் முனகுவதும் இதனால்தான். யாரோ ஒரு தரப்புக்கு அந்தச் சுருதி ஒத்துவராது. தனியாகப் பாடுகிறவர் தன் சுருதியைத் தானே தேர்ந்துகொள்ளலாம். நாற்பது பேருக்குச் சுருதி வைக்கிறவர் மெட்டையே அதற்கேற்ப வெட்டித் தைக்க வேண்டும். மேலே இரண்டு சுரம் கூடினால் ஆண்குரல் உடையும், கீழே இரண்டு சுரம் இறங்கினால் பெண்குரல் காணாமல் போகும்.

அடுத்த சிக்கல் கமகம். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்கிற சுரம் இல்லை, அசைந்துகொண்டே இருக்கும். ஒரு வித்துவான் அசைத்தால் அழகு. முப்பது பேர் முப்பது விதமாக அசைத்தால் சந்தைக்கடை. அதன்மேல் இன்னொரு சுரத்தை வைக்கவும் முடியாது. அடியில் நகர்ந்துகொண்டிருக்கும் பலகைமேல் எதை அடுக்குவது? ஆகவே சேர்ந்திசைக்குத் தோடி கிட்டத்தட்ட மூடிய கதவு. மோகனம் அப்படியில்லை. ஸ ரி க ப த, இந்த ஐந்தில் எந்த இரண்டை ஒன்றாக ஒலித்தாலும் காதைக் குத்தாது. ஒரு குழு பாட்டைத் தொடங்க, நான்கு அட்சரம் கழித்து இன்னொரு குழு அதே வரியை எடுக்கலாம். இரண்டும் மோதிக்கொள்ளாமல் போகும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மோகனத்தின் பஞ்சமத்தை ஸட்ஜமாகக் கொண்டால் கிடைப்பது சுத்த சாவேரி. முன்பு ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஸட்ஜம் வேறுபட்டதே, அந்தத் தொல்லையையே இங்கே வசதியாக மாற்றிக்கொள்ளலாம். நம் கிரகபேதத்தை வித்துவான்கள் மேடையில் இரண்டு நிமிஷம் காட்டிக் கைதட்டல் வாங்குவார்கள். சேர்ந்திசை அமைப்பவருக்கு அது அன்றாடக் கருவி.

மேல்நாட்டு ஒலி சென்னைக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டையில் வாசித்த பேண்டு மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் நோட்டு சாகித்யங்கள் செய்தார். மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893 முதல் பெரிய கொயர் இசையை இங்கே பாடிவருகிறது. சி.எஸ்.ஐ. தேவாலயங்களில் பாமாலையை நான்கு பிரிவுக் குரலிலும், கீர்த்தனையை எல்லோரும் ஒரே குரலிலும் பாடுவார்கள். கவனித்தீர்களா? மேல்நாட்டு மெட்டு என்றால் நான்கு குரல், நம் ராகம் என்றால் ஒரே குரல். எம்.பி.எஸ். அந்த வேலிக்குக் குறுக்கே நடந்தார். ராகத்தில் அமைந்த தமிழ்ப் பாட்டுக்கு, ராகத்தைக் கெடுக்காமல் இரண்டாவது மூன்றாவது குரல் எழுத முடியும் என்று பாடிக் காட்டினார். எல்லாப் பாட்டிலும் அது கைகூடியது என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் இரண்டாம் குரல் ஒட்டுப்போட்டதுபோல் நிற்கிறது. ராகம் ஒரு பக்கம், இசைவு ஒரு பக்கம். கைகூடிய இடங்களில், இந்தப் பாட்டை இனிமேல் தனியாகப் பாடினால் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். சேர்ந்திசைக்கு அதைவிடப் பெரிய பரீட்சை இல்லை.

அவர் வானொலிக்குச் சேர்ந்திசை அமைத்தார், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குழுப்பாடல் கற்றுத்தந்தார். கேரளத்தில் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரைப் பாடவைத்தார். 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் மாரடைப்பால் காலமானார். அங்கே போனதும் சேர்ந்திசைப் பயிற்சிக்காகத்தான். வயது 62.

இப்போது கொஞ்சம் கசப்பான கேள்விக்கு வருகிறேன். கம்யூனிஸ்ட், தொழிற்சங்கக்காரர், சேர்ந்திசைக்காரர். இம்மூன்றும் ஒரே மனிதரிடம் இருந்தும், பெரம்பூர் மில் தொழிலாளர் சேர்ந்திசைக் குழு என்று ஒன்று ஏன் எழவில்லை? ஐ.சி.எஃப்.பில், துறைமுகத்தில், பஸ் டிப்போவில் ஏன் இல்லை? நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பின்னி மில்லை ஒட்டிப் பிறந்தது. அதன் தலைவர் பி.பி. வாடியா அடையாறு பிரம்மஞான சபைக்காரர். கூட நின்றவர் திரு.வி.க. 1923இல் சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். சங்கத்துக்கு இங்கே குறைவே இல்லை. குழுக்குரல் மட்டும் ஏன் வரவில்லை?

தலைவர்களுக்குப் பாட்டு பிடிக்காது என்பது காரணமில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பாட்டு எழுதினார், தோழர்கள் கூட்டத்தில் பாடினார்கள். என் கணிப்பைச் சொல்கிறேன். ஜெர்மன் தொழிலாளிக்கு மாலையில் போக ஒரு பாட்டு கிளப் இருந்தது. நம் தொழிலாளிக்கு டூரிங் டாக்கீஸ் இருந்தது. தமிழ்நாட்டில் அரசியலின் பாட்டை சினிமா எடுத்துக்கொண்டது. பட்டுக்கோட்டையார் எழுதியதைத் திரையில் கதாநாயகன் பாடினான், தொழிலாளி கைதட்டினான். கட்சி மேடைகளிலும் அதே கதைதான். பேச்சாளர் வருவதற்குமுன் நாகூர் ஹனீபா மாதிரி ஒரு கம்பீரக் குரல் கூட்டத்தைக் கட்டிப்போடும். இடதுசாரி மேடையிலும் பறையும் தப்பும் தெம்மாங்கும் வந்தன, நல்ல பாடகர்கள் வந்தார்கள். அங்கேயும் ஒருவர் பாட, மற்றவர்கள் பின்பாட்டுத்தான். நம் சபா மேடையைக் கேலி செய்கிற தோழர்களும் தங்கள் மேடையை அதே மாதிரிதான் அமைத்தார்கள்: நடுவில் ஒரு குரல், எதிரே ஒரு கூட்டம்.

இன்னொரு காரணம் நேரம். சேர்ந்திசைக்கு வாரம் தவறாமல் ஒத்திகை வேண்டும். ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவனுக்கு, ஒண்டுக் குடித்தனத்தில் ஒற்றை அறையில் வாழ்கிறவனுக்கு, செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி என்பது உறுதி இல்லாத விஷயம். பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிற ஆபீஸ்காரருக்கு அது முடியும். ஆகவே எம்.பி.எஸ்.ஸின் குழு நடுத்தர வர்க்கக் குழுவாக அமைந்ததில் ஆச்சரியமில்லை. அதற்காக அவரைக் குறைத்துச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிறந்த நாள் முதல் ‘நன்றாகப் பாடுகிறவர்தான் பாட வேண்டும்’ என்று கேட்டு வளர்ந்த ஒரு வகுப்பை, சாதியும் மதமும் வேறான ஒருவர் பக்கத்தில் நிறுத்தி, அவர் குரலைக் கேட்டு உன் குரலைச் சரிசெய்துகொள் என்று சொன்னதே ஒரு வேலைதான். சங்கக் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பதே இல்லை என்று புலம்புகிற தலைவர்கள், ஒரு சேர்ந்திசை ஒத்திகையை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

மெட்ராஸ் யூத் கொயர் அவருக்குப் பிறகும் பாடியது. கேரளத்தில் அவர் பெயரில் குழுக்கள் எழுந்தன. ஆனால் அவர் ஒன்றாகவே பார்த்த இரண்டு வேலைகளும், அதாவது சங்கமும் சேர்ந்திசையும், இப்போது ஒரே இடத்தில் ஒன்றாக அடிபடுகின்றன. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

இன்றைய சினிமாப் பாட்டில் கோரஸ் கேட்கிறீர்களே, பெரிய தேவாலயத்தில் நூறு பேர் நின்று பாடுவதுபோல ஒலிக்கும். பல நேரம் ஒலிப்பதிவு அறையில் இருப்பவர்கள் இரண்டு பேர், மூன்று பேர். சில நேரம் ஒருவரே. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு டிராக் பாடுவார், அதையே கேட்டுக்கொண்டு அடுத்த டிராக், பிறகு மேல்சுரத்தில் ஒன்று, கீழ்சுரத்தில் ஒன்று. கம்ப்யூட்டர் அடுக்கிக்கொள்ளும். வயலின் வரிசையும் அப்படித்தான்; விசைப்பலகையில் இரண்டு கை போதும். செலவு மிச்சம், நேரம் மிச்சம், ஒலியிலும் பெரிய குறை சொல்ல முடியாது. இப்படி ஒரு பெண் நாற்பது குரலையும் தானே பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் கணக்கில் அவர் ஒரு பாடகி, ஒரு கால்ஷீட். நாற்பது பேருக்கு உரிய சம்பளத்தை அவரும் வாங்குவதில்லை, மீதி முப்பத்தொன்பது பேரும் வாங்குவதில்லை. எம்.பி.எஸ். இருந்தால் முதலில் பாட்டைத் திருத்தியிருப்பாரா, ரேட்டைத் திருத்தியிருப்பாரா என்று நான் யோசித்ததுண்டு. ரேட்டைத்தான் என்று நினைக்கிறேன். இங்கே சங்கத்து நண்பர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். வேறு கருத்து இருந்தால் சொல்லட்டும். நேரம் இருக்கிறது, கேள்விகளுக்குப் போகலாம்.